ஒரே பெயரில் இரண்டு

மாமா போன வாரம் சொன்ன ‘வெளிய போ’ என்ற சொல் இன்னும் மாடிப்படியில்தான் கிடந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் காலில் இடறிக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான்.

கீழே வீடும் மேலே கட்டட வரைபட அலுவலகமுமாக இருக்கிற குடும்பத்தில் இதுதான் தொல்லை. சண்டையை வேலையிடத்தில் விட்டுவிட்டு வீட்டுக்கு வர முடியாது. அது செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்னாலேயே வந்துவிடும்.

நடந்தது இதுதான். மாமாவின் மூத்த மகன் கட்டடம் வரைகிறவன். சின்னவன் அந்தக் கட்டடம் நிற்குமா, நிற்காதா என்று கணக்குப் போடுகிறவன். அண்ணன் வரைந்த படங்கள் அத்தனையும் சின்னவனுடைய கணினியில் நகலாக இருப்பதை மாமா பார்த்துவிட்டார். தனிக்கடை போடத்தான் திருடி வைத்திருக்கிறான் என்று முடிவு கட்டினார். சின்னவன் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கத்தல் முற்றிய நேரத்தில் மூத்தவனின் மடிக்கணினி மேசையிலிருந்து விழுந்து உயிரை விட்டது. சின்னவன் தன் கணினியைத் தூக்கிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளி அவன் வாடகைக்கு இருக்கும் அறைக்குப் போய்விட்டான்.

இதையெல்லாம் நடுவில் நின்று பார்த்தவள் மூத்தவனின் மனைவி. மாமாவுக்கு மருமகள், சின்னவனுக்கு அண்ணி. அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, மாடியில் வேலை செய்கிற வரைவாளர்களுக்கும் கூரியர் கொண்டுவருகிறவருக்கும்கூட அவள் அண்ணி ஆகிவிட்டாள். அலுவலகத்துக் கணினிகள் எல்லாம் அவள் பொறுப்பு.

அது லேசான பொறுப்பில்லை. மாமாவுக்கு விண்டோஸ்தான் வேண்டும். அதுவும் பழசு. மாற்றினால் “பட்டனெல்லாம் இடம் மாறிப் போகுதும்மா” என்பார். மூத்தவனுக்கு மேக் இல்லாமல் கை ஓடாது. சின்னவன் லினக்ஸைத் தவிர வேறெதையும் தொடமாட்டான். ஒரு தட்டில் சாப்பிடுவார்கள். ஒரே மாதிரிக் கணினியில் உட்காரமாட்டார்கள். இந்த மூன்றையும் ஒரே பேக்கப் மென்பொருளில் கட்டி, இரவானால் எல்லோருடைய வேலையும் நகலாகி சர்வரில் போய்ச் சேரும்படி செய்து வைத்திருந்தாள் அண்ணி. மூன்று மாமியார்களுக்கு ஒரே அடுப்பில் சமைக்கிற வேலை அது. ஒருத்திக்கு உப்பு கூடும், ஒருத்திக்குக் குறையும். பழகிவிட்டிருந்தாள்.

இன்று மூத்தவனுக்குப் புது மடிக்கணினி வந்தது.

பெட்டியைப் பிரிக்கும்போதே மாமா வந்து நின்றார். தூக்கமில்லாத முகம். நாளைக்குக் காலையில் குழந்தைகள் மருத்துவமனைக்காரர்கள் வருகிறார்கள். புதுக் கட்டடத்தின் வரைபடங்களை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

“எல்லாம் பேக்கப்ல இருக்குல்லம்மா?”

“இருக்கு மாமா. தினமும் காலையில பார்த்துட்டுத்தானே அடுத்த வேலை. பச்சை டிக் விழுந்திருக்கு.”

“அப்ப மத்தியானத்துக்குள்ள ஆயிடும்.”

“ஆயிடும்.”

மாமா தலையாட்டிவிட்டுத் தன் அறைக்குப் போனார். போகிற வழியில் சின்னவனின் காலி மேசையைப் பார்க்காமல் இருப்பதற்காகச் சுவர்ப்பக்கமாகத் திரும்பிக்கொண்டு நடந்தார். அண்ணி அதைக் கவனித்தாள். கவனித்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று புதுக் கணினியின் பக்கம் திரும்பினாள்.

மென்பொருளை நிறுவினாள். சர்வரில் கணவனின் கணினிப் பெயரைத் தேடி, கடைசி நகலைத் தேர்ந்தெடுத்து, மீட்டெடுக்கச் சொன்னாள். கோடு மெல்ல நகர ஆரம்பித்தது. அவள் நாற்காலியில் சாய்ந்தாள். இந்த வாரம் முழுக்க அவள் முதுகு நாற்காலியில் பட்டதே இல்லை. கீழே வீட்டில் மாமியாரும் இல்லை, உடம்புக்கு முடியாமல் தன் தங்கை வீட்டில் போய் இருக்கிறார். சமையல் அவள், சமாதானம் அவள், யாரும் யாருடனும் பேசாததால் சேதி சொல்வதும் அவள். ‘அவர்கிட்ட சொல்லு’, ‘அவன்கிட்ட கேளு’. ஒரு வீட்டுக்குள்ளேயே தபால்காரி வேலை.

கோடு முடிந்தது. கோப்புறையைத் திறந்தாள்.

மருத்துவமனையைக் காணவில்லை.

போன மழைக்காலத்தில் முடித்துக் கொடுத்த ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதற்கு முந்தின கிடங்கு இருந்தது. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. வருகிற மழைக்காலமே தலைக்கு மேல் நிற்கிறது. நடுவில் செய்த வேலை எங்கே போயிற்று?

வேறு தேதி நகலை எடுத்துப் பார்த்தாள். அதே பள்ளிக்கூடம். நேற்றைய நகல், முந்தின நாள் நகல், போன மாத நகல், எல்லாவற்றிலும் அதே பள்ளிக்கூடம்தான் பல் இளித்துக்கொண்டு நின்றது. பதிவேட்டைத் திறந்தாள். ஒவ்வோர் இரவும் ‘வெற்றி’ என்றுதான் எழுதியிருந்தது. நேற்று இரவும் வெற்றி.

அங்கேதான் அவளுக்கு உறைத்தது.

நேற்று இரவு எப்படி வெற்றி? கணவனின் கணினி செத்து ஒரு வாரம் ஆகிறதே. அதோ, மேசை ஓரத்தில் துணிப்பைக்குள் கிடக்கிறதே.

அந்தப் பெயரைச் சொல்லி வலையமைப்பில் கூப்பிட்டுப் பார்த்தாள். செத்த கணினி உடனே பதில் சொன்னது.

இன்னொரு முறை கூப்பிட்டாள். மறுபடியும் பதில் சொன்னது.

எழுந்துபோய் சர்வருக்குப் பக்கத்தில் இருக்கிற இணைப்புப் பெட்டியில் ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிப் பார்த்தாள். சாம்பல் நிறக் கேபிள் ஒன்றைப் பிடுங்கியதும் பதில் நின்றது. மறுபடி செருகினாள், பதில் வந்தது. அந்தக் கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போனாள். அது சுவரோரமாக ஓடி, அச்சு இயந்திரத்தின் பின்னால் வளைந்து, கழிவறையைத் தாண்டிச் சாமான் அறைக்குள் நுழைந்தது. சுருட்டி வைத்த பழைய வரைபடங்களையும் உடைந்த விளக்கையும் நகர்த்தினாள். அடித்தட்டில், தூசியைப் போர்த்திக்கொண்டு, கணவனின் பழைய மேக் உட்கார்ந்திருந்தது. மெல்ல இரைந்துகொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

செத்துப்போன அந்த மடிக்கணினியைப் புதிதாக வாங்கியபோது, “இதை ஒரு ஓரமா வெச்சுடு, எதுக்கும் இருக்கட்டும்” என்று கணவன் சொன்னது நினைவுக்கு வந்தது. ஓரமாக வைத்தவளே அவள்தான். மின்சாரத்தை நிறுத்தவில்லை. பெயரையும் மாற்றவில்லை. புதியதற்கும் அதே பெயரை வைத்தாள், எல்லோருக்கும் பழகிய பெயராயிற்றே என்று. மென்பொருளுக்கு ஆள் யார் என்று தெரியாது, பெயர்தான் தெரியும். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் முதலில் கை தூக்கியது பழையதுதான். யாரும் தொடாத அந்தப் பெட்டியை இரவுதோறும் பொறுப்பாக நகலெடுத்துவிட்டு, காலையில் அவளுக்குப் பச்சை டிக் காட்டியிருக்கிறது.

அண்ணி அந்தச் சாமான் அறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. அழுவதற்குக்கூடக் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

சின்னவனின் பேக்கப்பையும் திறந்து பார்த்தாள், அண்ணனின் படங்களை அவன் அதில் சேர்த்திருக்கவே இல்லை. மாமாவின் அறையில் போய் நின்று சொல்லத்தான் வேண்டியிருந்தது. கணவனையும் கூப்பிட்டாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

“என் தப்பு மாமா. டிக் விழுதான்னு பார்த்தேன். உள்ள என்ன இருக்குன்னு ஒரு நாளும் திறந்து பார்க்கல.”

மாமா திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

“மருத்துவமனை மொத்தமும் போச்சா?”

“இந்த ஆபீஸ்ல இல்ல. ஆனா...”

“ஆனா?”

“தம்பிகிட்ட இருக்கு.”

மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அவன் எடுத்துக்கிட்டுப் போனதை, அவன்கிட்டயே போய்ப் பிச்சை கேக்கணும்,” என்றார் மாமா. “அப்படித்தானே?”

“கேக்கறதுன்னா நான் கேக்கறேன் மாமா. உங்களைக் கேக்கச் சொல்லல.”

அதுவரை இடித்த புளி மாதிரி நின்றிருந்த கணவன் வாயைத் திறந்தான். “வேண்டாம். அவனைக் கூப்பிடாத. நான் திரும்ப வரைஞ்சுடறேன்.”

அண்ணி திரும்பிப் பார்த்தாள். “என்னது? நாலு மாடிக் கட்டடத்தையா? நாளைக் காலைக்குள்ளயா?”

“ராத்திரி உக்கார்ந்தா ஆகும்.”

“ஏங்க, அது என்ன கோலமா, அழிச்சு அழிச்சுப் போட?”

அவன் சன்னல் பக்கம் பார்த்தான். வீம்பு என்று நினைத்தாள் அண்ணி. தம்பியிடம் இறங்கிப் போக மனசில்லை. இந்த வீட்டு ஆண்பிள்ளைகளுக்கு முதுகெலும்பு ஒரு சுற்று கூடுதல், குனியவே குனியாது.

மாமாதான் கடைசியில் சொன்னார். “கூப்பிடு. வந்தா வேலையை முடிச்சுட்டுப் போகட்டும். என் ரூமுக்கு வர வேண்டாம்.”

சின்னவனுக்குப் போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னாள். கோபப்படுவான் என்று நினைத்தால், “பழைய மேக் இன்னும் ஓடுதா?” என்று கேட்டான்.

“ஜம்முனு ஓடுது.”

“நல்ல பொட்டிதான் அண்ணி அது,” என்றவன், “வர்றேன்” என்றான்.

சொன்னபடியே வந்தான். கணினியைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி இடுப்பில் அணைத்துக்கொண்டு படியேறினான். மாமாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. அண்ணனின் அறைக் கதவும் சாத்தியிருந்தது. இரண்டையும் பார்த்தான். வரைவாளர்கள் குனிந்த தலை நிமிரவில்லை. தன்னுடைய பழைய மேசைக்குப் போகாமல் அண்ணியின் மேசை மூலையில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“சாப்பிட்டியா?”

“ஆச்சு அண்ணி. நீங்க?”

“நான் அப்புறம்.”

இரண்டு பேரும் பொய் சொன்னார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

நகலை அப்படியே ஒரு டிஸ்கில் போட்டுக் கொடுத்துவிட்டால் என்ன என்றுதான் சின்னவன் கேட்டான். அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் அந்த நகலும் பேக்கப்பில் சேரட்டும், சர்வரில் ஒரு நகல் பத்திரமாக உட்காரட்டும், அங்கிருந்து புது மேக்குக்கு எடுக்கலாம் என்றாள். இன்றைக்குப் பட்டது போதும். இனிமேல் ஒரே இடத்தில் ஒரு நகல் என்று எதையும் விட்டுவைக்க அவளுக்குத் தைரியம் இல்லை.

சொல்வது சுலபம். சர்வர் அவன் கணினியைக் கண்டுகொள்ளவே இல்லை.

“வெளிக் கணினி உள்ள வராம தடுப்பு போட்டு வெச்சிருக்கியா?”

“ஆமா. நான் இருக்கற இடத்துல பக்கத்து ரூம்காரங்க எல்லாம் ஒரே வைஃபை.” தட்டினான். “இப்பப் பாருங்க.”

கண்டுகொண்டது. ஆனால் உள்ளே விட மறுத்தது. அனுமதி இல்லை என்றது. அவனே கடவுச்சொல்லைத் தட்டினான், அண்ணி பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். உள்ளே விட்டது. பாதி ஓடிய பிறகு நின்றது. சர்வரின் கடிகாரமும் அவன் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை என்று முரண்டு பிடித்தது. அதைச் சரி செய்தார்கள். மறுபடி ஓடியது. மறுபடி நின்றது. கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம்.

ஆனாலும் அந்த வேலையில் ஓர் ஆறுதல் இருந்தது. ஒரு வாரமாக அந்த வீட்டில் யாரும் யாரிடமும் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னதில்லை. இங்கே அவள் கேட்டாள், அவன் சொன்னான். இதைப் பார், அதை மாற்று, இப்போது சரியா, இல்லை, இன்னொரு முறை. இப்படியே பேசிப் பேசி வெயில் சன்னலை விட்டு இறங்கிய நேரத்தில் நகல் முழுசாகச் சர்வரில் போய்ச் சேர்ந்தது. புது மேக்குக்கு மீட்டெடுக்கச் சொன்னார்கள்.

அது ஒரு கேள்வி கேட்டு நின்றது. ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் இருக்கின்றன. எதை வைத்துக்கொள்வது?

அண்ணி திரையை நெருங்கிப் பார்த்தாள். ‘நோயாளிகள் தளம்’ என்று ஒன்று. அதற்குக் கீழேயே ‘நோயாளிகள் தளம்’ என்று இன்னொன்று. எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன. ‘மேல்தளம்’ ஒன்றுதான் இருந்தது. ‘படிக்கட்டு’ ஒன்றுதான். ‘தொட்டில் அறை’ இரண்டு.

“இதென்ன கூத்து? ஒரே இடத்துல ஒரே பேர்ல ரெண்டு எப்படி இருக்க முடியும்?”

சின்னவன் களைப்பாகச் சிரித்தான். “ஒரே பேர் இல்ல அண்ணி. கண்ணுக்குத்தான் ஒண்ணு. என் கணினியில ‘நோ’ன்னு தட்டினா அது ஒரே எழுத்து. அண்ணனோட செத்துப்போன மேக்ல ஆரம்பிச்ச பேரெல்லாம் ‘நே’வைத் தனியா, துணைக்காலைத் தனியாப் பிரிச்சு எழுதியிருக்கும். பார்க்கறதுக்கு வித்தியாசமே தெரியாது. பொட்டிக்கு ரெண்டும் வேற வேற பேர். ‘தொ’வும் அப்படித்தான். அதான் ‘படிக்கட்டு’க்குப் பிரச்சினை வரல.”

“நம்ம எழுத்தையே ரெண்டாப் பிரிச்சு வெச்சிருக்கா?”

“அது பிரிச்சது பிரச்சினை இல்ல. நாம பார்க்காம விட்டதுதான்.”

சரி, அப்படியானால் ஒன்று அண்ணனின் கணினியிலிருந்து வந்தது, இன்னொன்று இவன் கையால் உண்டாக்கியது. அண்ணிக்கு அது புரிந்தது. இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஒன்றை அழித்துவிடலாம் என்று ஒப்பிடும் வசதியைத் தட்டினாள். இன்றைக்குக் கற்ற பாடம் அது: திறந்து பார்க்காமல் எதையும் நம்பாதே.

சின்னவன் சட்டென்று அவள் கையைத் தடுக்கப் போனான். பிறகு என்ன நினைத்தானோ, கையை இழுத்துக்கொண்டான்.

“தேவையில்ல அண்ணி. முழு எழுத்துல இருக்கறதை வெச்சுக்கோங்க. இன்னொண்ணை அழிச்சுடுங்க.”

“ஏன்?”

“சொன்னா கேளுங்க.”

அதற்குள் திரையில் சிவப்பு வரிகள் விழ ஆரம்பித்துவிட்டன. இரண்டு கோப்புறையிலும் ஒரே வரைபடங்கள்தான். ஆனால் எண்கள் வேறு. அண்ணி ஒன்றைத் திறந்தாள். குழந்தைகளைப் படுக்கையோடு தள்ளிக்கொண்டு போகிற கதவின் அகலம், ஒன்றில் மூன்று என்று தொடங்கியது, இன்னொன்றில் எட்டு. தூண்களுக்கு நடுவே உள்ள தூரத்தில் ஆறு இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம். வராந்தாக் கைப்பிடியின் உயரம் ஒரு குழந்தையின் முழங்கால் அளவுக்கு வரையப்பட்டிருந்தது. அதே கைப்பிடி, முழு எழுத்துக் கோப்புறையில், சரியான உயரத்தில் இருந்தது.

“இது யார் வரைஞ்சது?”

சின்னவன் முக்காலியைப் பின்னுக்கு நகர்த்தினான்.

“தம்பி. உன்னைத்தான் கேக்கறேன். தப்பா இருக்கறது யார் வரைஞ்சது?”

“அண்ணன்.”

“திருத்தினது?”

“நான்தான்.” குரலை இறக்கிக்கொண்டான். வரைவாளர்கள் கேட்டுவிடக் கூடாது. “தினமும் சாயங்காலம் அவர் வரைஞ்சதை எடுத்துப்பேன். சரி பார்த்து, திருத்தி, அவர் கணினியிலேயே திரும்ப வெச்சுடுவேன். பழசையும் அழிக்காம வெச்சிருந்தேன், நாளைக்கு ஏதாவது கேள்வி வந்தா தேடறதுக்கு. அப்பா பார்த்தது அதைத்தான்.”

“அவர் இப்படித் தப்பு பண்றவர் இல்லையே.”

“பண்ண மாட்டார். கை தப்பு இல்ல அண்ணி.” சின்னவன் தரையைப் பார்த்தான். “உங்ககிட்டயும் சொல்லலையா?”

அந்த ஒரு கேள்வியில் அவளுக்குப் பல விஷயங்கள் வரிசையாக வந்து நின்றன. ‘நீயே படிச்சுச் சொல்லு’ என்று அவன் தூக்கிக் கொடுத்த போன். சோம்பேறித்தனம் என்று நினைத்தாள். எதிரில் வந்த பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தும் பேசாமல் போனது. கர்வம் என்று நினைத்தாள். அவள் பேசும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் காதுப் பக்கமாகப் பார்ப்பது. அதற்கு அவள் வைத்த பெயரை யாரிடமும் சொன்னதில்லை. தன்னிடம் மனசு விட்டுப்போய்விட்டது என்றே இத்தனை மாதமும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

எழுந்தாள். கணவனின் அறைக் கதவைத் தட்டாமல் திறந்து, உள்ளே போய்ச் சாத்தினாள்.

அவன் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தான். மேசையில் வெள்ளைத் தாள், பென்சில். ஒரு கோடுகூட வரைந்திருக்கவில்லை.

“என் முகம் தெரியுதா உங்களுக்கு?”

அவன் நிமிர்ந்தான். வழக்கம்போலக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தான்.

“சொல்லிட்டானா?”

“அவன் சொல்லல. நான் பார்த்தேன். நீங்க சொல்லுங்க.”

“நேராப் பார்த்தா நடுவுல ஒரு கறை மாதிரி நிக்குது. ஓரத்துலதான் தெரியும். உன்னை இப்படித் திரும்பினா தெரியுது.” திரும்பிக் காட்டினான். “டாக்டர் இன்னும் பரவும்கறார். எவ்வளவு சீக்கிரம்னு அவருக்கே தெரியல.”

“தனியாப் போய்ப் பார்த்தீங்களா?”

“ம்.”

அவள் எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபம் வரும் என்று பார்த்தாள். வந்தது, ஆனால் வேறு பக்கத்திலிருந்து வந்தது.

“தம்பி திருத்தறது உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“அன்னைக்கு மாமா அவனைத் திருடன்னு சொன்னப்போ, நீங்க பக்கத்துலதான் நின்னீங்க.”

கணவன் பென்சிலை எடுத்தான், வைத்தான்.

“நின்னேன்.”

“ஒரு வார்த்தை சொல்லல.”

“சொல்லியிருந்தா, வரையற ஆளுக்குக் கண்ணு இல்லைன்னு எல்லாருக்கும் தெரியும். அப்புறம் நான் இங்க யாரு?” அவன் குரல் உடையவில்லை, தேய்ந்துபோயிருந்தது. “அவன் சொல்லிடுவான்னு நினைச்சேன். அவன் சொல்லட்டும்னுகூட நினைச்சேன். அவனும் வாயைத் திறக்கல. படியில இறங்கிப் போனப்போ, செருப்புச் சத்தம் முழுக்கக் கேட்டுக்கிட்டே நின்னேன்.”

அவன் தோளைத் தொடுவதா, உலுக்குவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்யவில்லை.

“மாமாகிட்ட இன்னைக்குச் சொல்லணும்,” என்றாள்.

“நானே சொல்றேன்.”

“எப்போ?”

அவன் வெள்ளைத் தாளை மடிக்க ஆரம்பித்தான். அவள் மறுபடி கேட்கவில்லை. வெளியே வந்தாள்.

சின்னவன் போய்விட்டிருந்தான். அவன் கணினியும் இல்லை. புது மேக்கில் மருத்துவமனை முழுசாக வந்திருந்தது, ஒரே எழுத்துப் பெயர்களோடு, சரியான எண்களோடு. பிரித்தெழுதிய கோப்புறைகள் ஒன்றுகூட இல்லை. சர்வரில் போய்ப் பார்த்தாள். அங்கிருந்தும் அவற்றை எடுத்துவிட்டிருந்தான். தன் கணினியிலும் விட்டுவைத்திருக்க மாட்டான். அண்ணன் தப்பாக வரைந்ததற்குச் சாட்சியாக இருந்தது அது ஒன்றுதான். தான் திருடவில்லை என்பதற்குச் சாட்சியாக இருந்ததும் அதுதான். இரண்டையும் சேர்த்தே அழித்துவிட்டுப் போயிருக்கிறான் பாவி.

அப்போது மாமாவின் கதவு திறந்தது. நாள் முழுக்கத் திறக்காத கதவு.

“வந்துடுச்சாம்மா?”

“வந்துடுச்சு மாமா. எல்லாம் சரியா இருக்கு. திறந்து பார்த்துட்டேன்.”

மாமா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளைப் பார்த்தார், மூலையிலிருந்த முக்காலியைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“கணக்கு பார்த்த ஆளு கையெழுத்து போடணும். அது இல்லாம ஆஸ்பத்திரிக்காரங்க வாங்க மாட்டாங்க.” இன்னொரு முறை செருமினார். “இருக்கானா, கிளம்பிட்டானா?”

படிக்கட்டின் அடியில் வண்டியின் நிறுத்துக்காலைத் தட்டிவிடும் சத்தம் கேட்டது. மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். அவருக்குக் கேட்டிருக்காது.

“இருக்கான் மாமா,” என்றாள் அண்ணி. “கீழதான் நிக்கறான்.”

சொல்லிவிட்டு, செருப்பைக்கூடத் தேடாமல் படிக்கட்டை நோக்கி ஓடினாள். பாதிப் படி இறங்கும்போது கீழே வண்டி கிளம்புகிற சத்தமும், மேலே கணவனின் அறைக் கதவு திறக்கிற சத்தமும் அவளுக்கு ஒன்றாகக் கேட்டன.